முதல் அழுகை ஃபோகஸில் இல்லை

என் பெயரை நான் சொல்லி முடிப்பதற்குள் எழுதுகிற காவலர் ‘வெடிப்பாட்டி’ என்று எழுதிவிட்டுச் சிரித்தார். அதை அடிக்கச் சொன்னேன், அடித்தார். வயது எழுபத்து மூன்று. கணவர் காலமாகிவிட்டார். மகனும் மருமகளும் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில், பால்கனியை அடைத்துக் கட்டிய அறையில் குடியிருக்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. நினைவு நன்றாக இருக்கிறது, அதில் யாரும் சந்தேகம் கிளப்ப வேண்டாம்.

என் மகனும் மருமகளும் என்னை வீடியோ எடுத்துப் போடுவதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். முதலில், குழாய் ரிப்பேர் செய்ய வந்தவரை நான் திட்டியதை எனக்குத் தெரியாமல் மருமகள் எடுத்துப் போட்டாள். அதை ஊரே பார்த்து எனக்கு ‘வெடிப்பாட்டி’ என்று பட்டப்பெயரும் வைத்ததாம். அதன் பிறகு ஒரு சோப்புக் கம்பெனி வந்தது, அதன் பிறகு ஒரு மிக்ஸிக் கம்பெனி வந்தது. நான் சும்மா உட்கார்ந்திருந்தால் யாரும் பார்ப்பதில்லை என்பதால் மருமகள் என் கண்ணாடியை ஒளித்து வைப்பாள், காபியில் உப்பைப் போடுவாள், நான் வாயைத் திறக்கும்போது அலமாரி மேல் போன் ஓடிக்கொண்டிருக்கும். திட்டி முடித்ததும், "சூப்பர் அத்தை, நடுவுல அந்த மிக்ஸி பேரை மட்டும் ஒரு தடவை சொல்லிடுங்க" என்பாள். தெருவில் முன்பின் தெரியாதவர்கள், "பாட்டி, எங்களையும் ஒரு தடவை திட்டுங்க" என்று போனை நீட்டினார்கள். செருப்புக் கடைக்காரர் நான் வாயைப் பிளந்திருக்கும் படத்தை வாசலில் ஒட்டி, ‘வெடிப்பாட்டி திட்டாத ஒரே கடை’ என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடைக்கு நான் போனதே இல்லை. இப்போது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தாலும் எதிரில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

எனக்கு ஒரே ஒரு அக்கா. எங்களுக்குள் பேச்சு கிடையாது. எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நர்ஸ் முன்னால் வராந்தாவில் வைத்து, "நீ அம்மாவைப் பாத்துக்கிட்ட லட்சணந்தான் இங்க வந்து கிடக்கே" என்று சொன்னாள். சொல்லும்போது ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டது நான். பழமும் அம்மாவுக்கு நான் வாங்கி வைத்தது. என் மகன் அப்போது கைக்குழந்தை. இப்போது அவனுக்கு முன்தலை வழுக்கை.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை மருமகள் ஓடிவந்து, "அத்தை, பெரியத்தைக்கு மூச்சு இழுத்துக்கிட்டு இருக்காம், உங்களையே கேக்குறாங்களாம்" என்றாள். நான் அடுப்பை அணைக்காமலே கிளம்பினேன். மகன் காரில் கூட்டிப்போய் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்டில் ஏற்றினான். ஆஸ்பத்திரி என்று நினைத்தேன். கதவைத் திறந்ததும் கண் கூசுகிற விளக்குகள் இருந்தன. எதிர்க் கதவு வழியாக என் அக்கா ஓடிவந்தாள். நான் சாகக் கிடப்பதாக அவளிடம் சொல்லியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பவுடர் போடாமல் வாசலுக்குக்கூட வராதவள், ரவிக்கையை உள்பக்கம் வெளியே தெரியும்படி மாற்றிப் போட்டிருந்தாள். "உனக்கு ஒண்ணுமில்லையாடி?" என்று கேட்டாள். நான், "உனக்கு?" என்று கேட்டேன். அதன் பிறகு நான் அழுதேன். அவளும் அழுதாள்.

அதன் பிறகுதான் அங்கே சோபாவும், மேசை நிறைய டீத்தூள் பாக்கெட்டுகளும், ‘பிரிந்தவரைச் சேர்க்கும் சுவை’ என்ற போர்டும் இருப்பதைப் பார்த்தேன். மருமகள் ஆளுக்கொரு கப்பைக் கையில் திணித்து, கம்பெனி பேர் தெரிகிற மாதிரி பிடிக்கச் சொன்னாள். கேமராக்காரர், "பாட்டி, முதல் அழுகை ஃபோகஸ்ல இல்ல, வெளிய போயிட்டு மறுபடி ஓடி வாங்க" என்றார். நான் நகரவில்லை. அக்கா அப்போதுதான் தன் தோளைக் குனிந்து பார்த்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மருமகள், "ஐயோ பெரியத்தை, மூடாதீங்க, அந்த ஜாக்கெட்டுக்கே வீடியோ ஓடும்" என்று முந்தானையை விலக்கினாள். கேமராக்காரர் கிட்டே வந்து ரவிக்கையின் தையலைப் படம் எடுத்தார். அதன் பிறகு நான் பக்கத்தில் நின்ற விளக்கை ஸ்டாண்டோடு தூக்கி அவரை அடித்தேன். கேமரா கீழே விழுந்து உடைந்தது. அவருக்குப் புருவம் கிழிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். கை தவறி அடிக்கவில்லை, பார்த்துத்தான் அடித்தேன். மருமகளையும் அடித்திருப்பேன், எட்டவில்லை. அக்காவுக்காக அடித்தேன் என்று எழுத வேண்டாம்.

இன்று ஸ்டேஷன் வராந்தாவில் மகன் வந்து, "அம்மா, வீடியோ போட சம்மதம்னு நீயும் பெரியம்மாவும் ஒரு கையெழுத்து போட்டா கேமராக்காரரு கம்ப்ளெயிண்டை வாபஸ் வாங்கிடுவாரு. கம்பெனில அந்தச் சண்டையையும் சேர்த்தே போடலாங்கிறாங்கம்மா" என்றான். "நான் செத்தா, தூக்கிட்டுப் போறவங்களையும் ஃபோகஸ்ல இல்லைன்னு திரும்பி வரச் சொல்லுவியாடா?" என்று கேட்டேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த வீடியோ இருக்கும் கேமரா கார்டை உறையில் போட்டு சீல் வைத்திருப்பதாகவும், கேஸ் முடியும் வரை யாருக்கும் தர முடியாது என்றும் இன்ஸ்பெக்டரம்மா சொன்னார். கேஸ் முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். "வருஷக்கணக்கா இழுக்கும் பாட்டி, அதான் சமாதானமா போயிடுங்கன்னு சொல்றேன்" என்றார். நான் சமாதானத்துக்குச் சம்மதிக்கவில்லை.

அதன் பிறகு, அடுத்த அறையில் என் அக்கா, அடித்தது தான்தான் என்று வாக்குமூலம் கொடுத்திருப்பதாகப் படித்துக் காட்டினார்கள். அது பொய். அவளால் பால் பாத்திரத்தையே ஒரு கையால் தூக்க முடியாது. நான் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்வது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அவள் தயவு எனக்கு வேண்டாம். ஆஸ்பத்திரியில் சொன்ன சொல்லுக்கு இது ஈடாகாது. அவள் கொடுத்ததைக் கிழித்துப் போடச் சொன்னேன். இரண்டு பேரும் நான்தான் நான்தான் என்றால் கேஸ் குழம்பும், இன்னும் பல வருஷம் இழுக்கும் என்று காவலர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு, அவள் கொடுத்ததைக் கிழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதுவும் சீல் வைத்த உறையும் அப்படியே இருக்கட்டும்.

இவை யாவும் நானே என் வாயால் சொன்னவை, நடந்தவை. எழுதியதைப் படிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது. யாரும் என்னை மிரட்டவில்லை. இந்த அறையில் யாரும் போனில் படம் எடுக்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்ட பிறகு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
என் முன்பாக: காவல் ஆய்வாளர்