பார்க் இன்ஜினும் வீட்டு அடுப்பும்

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் நிலையத்தில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பைகளோடு மெட்ரோவில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் இளையவர் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரரு வீட்ல ஒரு நாள் அடுப்பு பத்த வச்சதில்லக்கா. அங்க விடியறதுக்கு முன்னாடியே போய்த் தீ மூட்டுறாரு."

"எங்க?"

"ரயில்வேலேர்ந்து ரிடயர் ஆனப்புறம் அம்யூஸ்மென்ட் பார்க்ல சேர்ந்தாரில்ல? அங்க நிஜ நீராவி இன்ஜின் ஒண்ணு பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு சுத்துது. அதைப் பாத்துக்கறாரு."

"அச்சா! நல்ல விஷயந்தானே?"

"உங்களுக்கென்ன! என் புதுத் துண்டை எடுத்துட்டுப் போய் அதோட பித்தளையத் துடைக்கிறாரு. அன்னிக்கு அதோட சத்தம் லேசா மாறிடுச்சாம், ராத்திரி சாப்பாடே இறங்கல. நான் நாள் முழுக்க இருமுறேன், அது காதுல விழல."

மூத்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போயும் போயும் ஒரு இரும்பு மேலயா பொறாமைப்படுவே?"

"ஆமா, படறேன். போன வாரம் காய்ச்சல்ல படுத்திருந்தேன். பக்கத்துல வந்து புறங்கைய என் நெத்தியில வச்சுப் பாத்தாரு. கல்யாணமான நாள்லேர்ந்து அப்படித் தொட்டதே இல்லக்கா. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"பாத்தியா, அக்கறை இல்லாமலா?"

"'சக்கரத்து அச்சு சூடாகுதான்னு தினம் இப்படித்தான் பாக்கறேன், புறங்கையிலதான் சரியா தெரியும்'ங்கறாரு. அதைத் தொட்டுப் பழகின கைதான்க்கா அது."