கணக்கில் சேராத கருக்கள்

காலையில் சீக்கிரம் எழுந்து பழகியவன் நான். ஆய்வகத்தை முதலில் திறப்பது பெரும்பாலும் என் சாவிதான். அந்த நேரத்தில்தான் தலை தெளிவாக இருக்கும், ஐயா. வேறு காரணம் ஒன்றும் ஆரம்பத்தில் கிடையாது.

கணக்குப் போடுவது என் வேலை. கருவில் ஒரு செல் இரண்டாகி, இரண்டு நாலாகி, எத்தனையாவது மணியில் எத்தனை இருக்கும் என்று சமன்பாடு எழுதுவேன். மீன்கருக்களை வளர்த்து, நுண்ணோக்கியில் பார்த்து எண்ணித் தருவது என்னோடு வேலை பார்த்த பெண், அவள் வேலை. ஆறு வருடம் ஒரே அறை. என்னை அண்ணா என்பாள். பளிங்கு போன்ற அந்தக் கருவுக்குள் இதயம் துடிப்பதை எனக்கு முதன்முதலில் காட்டியவளும் அவள்தான்.

கர்ப்பிணிகளின் வாந்திக்கு ஒரு புது மாத்திரை வருவதாக இருந்தது. அந்த மருந்தை மீன்கருக்களில் சோதித்துச் சொல்வது எங்கள் பொறுப்பு. அது கருவின் வளர்ச்சியைச் சற்று மட்டுப்படுத்தும். பிறகு கரு விட்டதைப் பிடித்துவிடும் என்றது என் சமன்பாடு. அழகான சமன்பாடு. ஆனால் தட்டுக்கு முப்பது கருக்களில் மூன்று நாலு பிடிக்கவே இல்லை. இதயத்தின் ஓர் அறை வளராமல் அப்படியே நின்றுவிட்டது.

எந்தக் கூட்டத்திலும் நாலு பேர் ஒத்துவர மாட்டார்கள். அவள் வருவதற்குள் அவற்றை எடுத்துத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன்.

"அண்ணா, நேத்து முப்பது வச்சேன். இன்னைக்கு இருபத்தாறுதான் இருக்கு."

செத்தது கரைந்திருக்கும் என்றேன். தலையாட்டினாள். ஆனால் அன்றிலிருந்து தட்டுகளின் அடியில் பேனாவால் குறி வைக்க ஆரம்பித்தாள். துப்புரவு செய்பவரை விசாரித்தாள். அவர் பாவம், சத்தியம் செய்தார். ஒருநாள் என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். கண் டாக்டரிடம் காட்டும்மா என்றேன், அக்கறையாகத்தான். மறுவாரம் மூக்குக்கண்ணாடியோடு வந்தாள். தன் கண்ணையே நம்பாதவளுக்குப் பிறரைச் சந்தேகிக்க ஏது நேரம்?

மருந்தால் கெடுதல் இல்லை என்று அறிக்கை போனது. மாத்திரை கடைக்கு வந்தது.

பிறகு அவள் உண்டானாள். இரண்டாம் மாதம், தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள்.

"டாக்டர் சாப்பிடச் சொல்றார். அவர் சொன்னா எனக்குப் போதாது. நீங்க சொல்லுங்கண்ணா, சாப்பிடட்டுமா?"

யோசித்துத்தான் சொன்னேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள்.

"தாராளமா சாப்பிடும்மா" என்றேன். தம்ளரில் தண்ணீரும் நானே ஊற்றிக் கொடுத்தேன்.

குழந்தைக்கு இதயத்தின் இடப்பக்கம் வளரவில்லை. இரண்டு அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது, மூன்றாவதுக்குக் காத்திருக்கிறார்கள். மருத்துவமனையில் படத்தைக் காட்டியதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பழைய நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு நேராக என் அறைக்கு வந்தாள். அழவில்லை.

"எத்தனை கொட்டினீங்க?"

நூற்றுப் பன்னிரண்டு என்றேன். எண்ணாமல் நான் எதையும் கொட்டியதில்லை.

எழுதிக்கொண்டாள். "சரிண்ணா" என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள்.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? புகார் அவள் கொடுத்தது என்கிறீர்கள். யாராவது தூண்டிவிட்டு எழுத வைத்திருப்பார்கள், ஐயா. மனதில் கோபம் இருந்தால் என்னை அண்ணா என்று கூப்பிட்டிருப்பாளா?