கழிசல் குண்டுகள்

காலையில் லேத்தைச் சற்று நேரம் வெறுமனே சுழலவிடுவேன். குளிர்ந்த லேத் சரியான அளவு தராது. அது சூடேறும்வரை ரஸ்க்கைக் காப்பியில் தோய்த்துத் தின்பேன். தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவில் எருமை வேட்டைக்கு லேத்தில் கடைந்த துப்பாக்கிக் குண்டு வேண்டுமென்றால் எங்கள் பட்டறைக்குத்தான் வருவார்கள்.

முழுப் பித்தளை, ஒவ்வொன்றாகக் கடைவது. அச்சில் அடித்த குண்டைவிடப் பல மடங்கு விலை. உளி தேயத் தேய குண்டு தடிக்கும். அதைக் கழிசல் டப்பாவில் போட்டுவிடுவேன். மையம் விலகிய குண்டு இன்னும் மோசம். பார்க்க நன்றாகவே இருக்கும். எருமையின் தோள் எலும்பில் பட்டதும் வழி மாறிவிடும்.

காஸ்பர் என் தங்கையின் கணவர். பட்டறையில் பெரும்பங்கு அவருடையது. வேட்டைக்கு ஆட்களை அழைத்துப் போவதும் அவர்தான். நல்ல குண்டை அவர்களுக்கு விற்பார். தனக்குக் கழிசல் டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளிக்கொள்வார்.

"எருமை என்ன அளவுகோல் வச்சா பாக்கப்போவுது, மச்சான்?"

தடம் பார்க்கும் லெங்கானி சிரிப்பார். "அது பாக்காதுண்ணே. முன்னாடி நடக்குறவன் நான்தான் பாக்கணும்."

மார்ச்சில் காஸ்பர் லேத்தை வாங்க ஆள் பிடித்துவிட்டார்.

"குண்டுக்கு ஒரு நிமிஷம் தின்னுது உன் மகாராணி. வித்துட்டு அச்சு வாங்குவோம்."

"அச்சுக் குண்டு எலும்புல நெளியும், மாப்ளே."

"நெளியட்டும். ரெண்டாவதா ஒண்ணு சுட்டுக்குவான். அதையும் நாமதான விக்கப்போறோம்?"

அவர் இல்லாவிட்டால் பங்கு என் தங்கைக்கு வரும். அவள் நான் சொன்னால் கேட்பாள்.

டப்பாவில் இருந்ததை உருக்கக் கொடுத்தேன். புதிதாக அறுபது கடைந்து அதில் போட்டேன். யாருக்கும் கொடுக்கவில்லை. எடுத்துக்கொள்ளச் சொல்லவுமில்லை.

வாடிக்கையாளர் காயப்படுத்திய எருமையைத் தேடிப் போய் முடிப்பது காஸ்பரின் வேலை. புதருக்குள்ளிருந்து அது பாய்ந்தபோது இருமுறை சுட்டார். இரண்டும் தோளில் பட்டன. இரண்டும் வழி மாறின. எருமை லெங்கானியைக் குத்திக் கொன்றது. காஸ்பருக்கு முழங்கையில் சிராய்ப்பு.

தடம் பார்ப்பவர்தான் முன்னால் நடப்பார். அதை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். பிழைதான்.

இறுதிச் சடங்கு விருந்துக்கு ஒரு மாடு வாங்கிக் கொடுத்தேன். கறி நன்றாக வெந்திருந்தது. லெங்கானியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

கழிசல் குண்டோடு போனதற்காகக் காஸ்பர்மேல் வழக்கு. "நான்தான்டா அவனக் கொன்னேன்" என்று என்னிடமே அழுதார். ஆறுதல் சொன்னேன். அவர் உள்ளே போய்விட்டால் லேத் விற்பனை நின்றுவிடும். நான் வாயைத் திறந்திருக்க வேண்டியதே இல்லை.

ஆனால் உங்கள் போலீஸ் நிபுணரின் அறிக்கையைக் காஸ்பரின் வக்கீல் படித்துக் காட்டினார். குண்டுகள் மையம் விலகியிருக்கின்றன, லேத் ஆட்டம் கண்டுவிட்டது என்று எழுதியிருக்கிறார்.

அதை மட்டும் திருத்திவிடுங்கள், ஐயா. அந்த அறுபதையும் நான் வேண்டுமென்றே மையம் விலக்கிக் கடைந்தேன். மீதமிருப்பதை அளந்து பாருங்கள். ஆட்டம் கண்ட லேத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு விலகும். எல்லாம் ஒரே அளவுதான் விலகியிருக்கும்.