முடி போனாலும் திறந்த கதவு

அவைக்குத் தலைமையேற்று எனக்குப் பத்தே நிமிடம் தந்திருக்கும் நயினார் ஐயா அவர்களே, கிழக்கேகோட்டைத் தமிழ் மன்றத்தின் பெரியோர்களே, முன்வரிசையை முன்கூட்டியே பிடித்துவிட்ட தாய்மார்களே, கழக்கூட்டத்து நெரிசலில் நீந்தி வந்த நண்பர்களே, வணக்கம்!

என் மொட்டையைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அதற்கும் வருகிறேன்.

பயோமெட்ரிக் என்றால் என்ன? உடம்பையே அடையாளமாக்குவது. விரலின் வரி, விழியின் திரை, குரலின் குணம், முகத்தின் அமைப்பு, இவற்றை எண்களாக்கி வைத்து, மறுமுறை வரும்போது ஒப்பிடுவது. கைபேசி திறக்கிறது, ரேஷன் கிடைக்கிறது, விமான நிலையத்தில் வாசல் விலகுகிறது. மந்திரமா? இல்லை. மாயமா? இல்லை. கணக்கு! வெறும் கணக்கு!

என் அக்கா திவ்யலட்சுமிக்கு, அலைந்து அலைந்து, ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே முகம் பார்த்துத் திறக்கும் கதவு. அதே கம்பெனியில் வேலை பார்க்கும் நான்தான் அதற்கு புரோகிராம் எழுதியவன். நீண்ட பின்னலோடு முகத்தைப் பதிந்துவிட்டு வந்தவளிடம் அம்மா சொன்னாள்: "வேலை கிடைச்சா பழனியில முடி இறக்குறதா நேர்ந்திருக்கேல்ல? சேர்றதுக்கு முன்னாடி போயிட்டு வந்துருவோம்."

அக்கா கலங்கிவிட்டாள். "மொட்டையோட போனா மிஷின் என்னை அறியுமாடா? முதல் நாளே வெளிய நிக்கணுமா?"

"அது கண்ணு, மூக்கு, தாடையத்தான் பார்க்கும். முடியில அதுக்கென்ன வேலை? சும்மா போய் எடுத்துட்டு வா!" என்றேன்.

திங்கட்கிழமை. மொட்டைத் தலையோடு அக்கா, துணைக்கு நான். வாசலில் காவலாளி அனில் அவள் அடையாள அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு மலையாளத்தில் மறித்தார். "மேடம், கார்டுல வேற ஆளாணல்லோ!" மனிதருக்குச் சந்தேகம். மிஷின்? பார்த்தது. பச்சை எரிந்தது. கதவு திறந்தது! போனது முடி, முகமல்ல!

"மிஷின் தப்பே செய்யாதா?" என்கிறார் பின்னாலிருந்து ஒருவர். செய்யும் ஐயா! வரி தேய்ந்த விரலை ஏற்காமல் தள்ளும். மங்கிய வெளிச்சத்தில் தடுமாறும். அப்போது மனிதன் எழுந்து கதவைத் திறக்க வேண்டும். இன்னொன்று: கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம், முகத்தை மாற்ற முடியுமா? எங்கே வைப்பாய் என்று கேளுங்கள்! யாருக்குக் கொடுப்பாய் என்று கேளுங்கள்! எப்போது அழிப்பாய் என்று கேளுங்கள்! முகம் உங்களுடையது; கேள்வியும் உங்களுடையதே!

சரி, என் மொட்டை. அக்கா உள்ளே போனதும் திரும்பினேன். ரோட்டோரம் கைகூப்பி நிற்கிறாள் என் தாய் சிவகாமியம்மாள்.

"கதவு திறந்தா உனக்கு மொட்டைன்னு நேர்ந்துட்டேன்டா."

"அம்மா, அது நான் எழுதின புரோகிராம்!"

"அதான் பயந்து நேர்ந்தேன்!"

நேற்றுத்தான் பழனியில் இறக்கினேன். நாளைக் காலை அதே கதவின் முன் நான் நிற்பேன். திறக்கும்! கட்டாயம் திறக்கும்! அம்மா, நீ மட்டும் தயவுசெய்து ஒன்றும் நேர்ந்துகொள்ளாதே!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுமையில்லாத என்னைப் பேசவிட்ட தலைவருக்கும் நன்றி! வணக்கம்!