இந்தக் கம்ப்யூட்டரில் இன்னொருவரும் இருக்கிறார்

இந்தக் கதை நடந்தது மத்தியானம் ஒன்றே முக்கால் மணிக்கு. சிரிக்காதீர்கள். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் எழுதி வைத்தது? சித்திரை வெயிலில் ஊரே கதவை அடைத்துக்கொண்டு தூங்குமே, அதைவிட ஆளில்லாத நேரம் எது? வண்டி இன்னும் இரண்டு மணி நேரம் லேட் என்று இப்போதுதான் மைக்கில் சொன்னான். இந்த ராத்திரியில் பிளாட்பார விளக்கும் போய்விட்டது. பெட்டிகளை நடுவில் போட்டுச் சுற்றி உட்காருங்கள், சொல்கிறேன். நம்பாதவர்கள் தாராளமாக எழுந்து அந்தக் கடைசி பெஞ்சுக்குப் போகலாம்... தனியாக.

யாரும் போகவில்லை அல்லவா? சரி.

இது என் சிநேகிதி வளர்மதியின் நாத்தனாருக்கு நடந்தது. பெயர் பூங்கோதை. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். நம் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். பொம்பளை மெக்கானிக்கா என்று இளித்த ஆட்கள் எல்லாம், அடுத்த மாதமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் கடை வாசலில்தான் நின்றார்கள். யாருக்கும் பயப்படமாட்டாள். வாய் கொஞ்சம் நீளம். என்னை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. செராமிக் கம்பெனி முதலாளி குருமூர்த்தி போன் செய்திருந்தார். கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ, வந்து பார் என்று. இதோ, இந்த ஸ்டேஷனுக்குப் பின்னால் போகிற ரோடுதான். இரண்டு பக்கமும் உடைந்த கோப்பையும் தலையில்லாத பீங்கான் பொம்மையும் குவிந்து கிடக்கும். சூளைகள் எல்லாம் லீவு. புகை இல்லை, ஆள் இல்லை, ஒரு நாய் கூட இல்லை. அவளுடைய மொபெட் சத்தம் மட்டும்... டுர்ர்ர்ர் என்று.

கம்பெனி கேட்டுக்கு எதிரே, அந்த வெயிலில், ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு போட்டோ.

பேய் இல்லை, அவசரப்படாதீர்கள். அவள் வாசுகி. அங்கே அச்சு வார்க்கிற வேலையில் இருந்த நல்லமுத்துவின் பெண்சாதி. கம்மாபுரம் பக்கத்து ஆட்கள். நிலம் சுரங்கத்துக்குப் போனபின் இங்கே வந்து பிழைத்தவர்கள். ஐம்பத்து மூன்று நாளுக்கு முன்னால் நல்லமுத்து வேலைக்குப் போனான். திரும்பவில்லை. எவளையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று குருமூர்த்தி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். போலீஸிலும் அதையே எழுதிக்கொண்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் வாசுகி குடத்தை வைத்தால் மற்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பூங்கோதை வண்டியை நிறுத்தினாள்.

"உள்ள போறீங்களா?" என்று வாசுகி கேட்டாள். "எங்க வூட்டுக்காரு உள்ளதான் இருக்காரு. எங்கயும் ஓடல. அவரு வெளிய வந்தத பாவாடை அண்ணன் பாக்கல."

பாவாடை அந்தக் கம்பெனி வாட்ச்மேன். கேட்டருகே இருந்த ஆபீஸ் ரூமில்தான் கம்ப்யூட்டர். ஆள் உள்ளே வந்தால் அவன் பெயருக்கு நேரே ஒன்றைத் தட்டுவார், வெளியே போனால் இரண்டைத் தட்டுவார். கண்ணால் பார்க்காமல் இரண்டைத் தட்டவே மாட்டார். அப்படி ஒரு பிடிவாதம். நல்லமுத்து காணாமல் போன அன்று சாயங்காலம் குருமூர்த்தி வந்து, அவனுக்கு இரண்டு போடு என்றார். "அவன் போனத நான் பாக்கலீங்க, போடமாட்டன்" என்று பாவாடை எழுந்து நின்றார். மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அந்த மனுஷன் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

பூங்கோதை உள்ளே போனாள். குருமூர்த்தி வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. காலையில்தான் பழமலைநாதர் கோயிலுக்குப் போய் வந்தாராம்.

"ஆன் பண்ணா வர்றதுக்கே ஒரு யுகம் ஆவுது. ஆஃப் பண்ணா போவமாட்டுது. எல்லாத்தயும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுக் குடுத்துடும்மா."

"அழிக்கறது கடைசிங்க. மொதல்ல என்னான்னு பாக்கறேன்."

"பாக்கல்லாம் வேணாம். அழி."

யாராவது அழி அழி என்று பறந்தால் பூங்கோதைக்கு மூக்கு வேர்க்கும். ஸ்விட்சைப் போட்டாள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டடிக்க இரண்டு நிமிஷம். திரை வருவதற்குப் பதினோரு நிமிஷம் ஆனது. உள்ளே இருந்து கட்... கட்... கட்... என்று ஒரு சத்தம். நிறுத்திப் பெட்டியைத் திறந்தாள். காற்றாடி முழுக்க வெள்ளை மண் அப்பிக் கிடந்தது. செராமிக் கம்பெனியில் வேறென்ன இருக்கும்? பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்தாள். மெமரி பட்டையைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்துத் திரும்ப மாட்டினாள். முக்கால்வாசிக் கோளாறு இதிலேயே சரியாகிவிடும்.

போட்டாள். பதினோரு நிமிஷம்.

வைரஸ் பார்த்தாள், இல்லை. குப்பை பைல்களை அழித்தாள். ஆன் ஆகும்போதே தானாக ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலைத் திறந்து, வேண்டாததற்கெல்லாம் டிக்கை எடுத்தாள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, பாவாடை தட்டுகிற வருகைப் பதிவு. அதற்கும் எடுத்தாள். நிறுத்திப் போட்டாள். மறுபடி பதினோரு நிமிஷம். பட்டியலைத் திறந்தால்... அந்த ஒன்றுக்கு மட்டும் டிக் திரும்ப வந்திருந்தது.

அப்போதுதான் வாசனை அடித்தது. ஊறின களிமண் வாசனை. நாள்பட்டு மூடி வைத்ததைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி. சித்திரை மாதம், சன்னல் கம்பியே சுடுகிறது, அறைக்குள் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. மேஜைக்கு அடியில் எங்கேயோ... சொத்... சொத்... என்று சொட்டியது. குனிந்து பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது.

ஏய் துர்கா, என் கையை ஏன்டி இப்படிக் கிள்ளுகிறாய்? அவளே பயப்படவில்லை, உனக்கென்ன?

சரி, முழுசாக நிறுத்திப் பார்க்கலாம் என்று நிறுத்துகிற பட்டனை அழுத்தினாள். திரை அணையவில்லை. நடுவில் ஒரு கட்டம் வந்து நின்றது. இங்கிலீஷில்தான். அர்த்தம் இதுதான்: இந்தக் கம்ப்யூட்டரில் இன்னொருவரும் இருக்கிறார். இப்போது நிறுத்தினால் அவருடைய வேலை போய்விடும்.

அது சாதாரணமாக வருகிற செய்திதான். இரண்டு பேர் பெயரில் கணக்குத் திறந்திருந்தால் வரும். ஆனால் இதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. பூங்கோதை இரண்டு தடவை பார்த்தாள். கழுத்துக்குப் பின்னால் யாரோ ஈரக் கையால் தொட்ட மாதிரி ஜில்லென்று இருந்ததாம். "இருந்தா இருக்கட்டும்" என்று வாய்விட்டே சொன்னாள். "யாருன்னு பாத்துடறேன்."

வருகைப் பதிவைத் திறந்தாள். பதினான்கு பேர். எல்லோருக்கும் உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. ஒருத்தனுக்கு மட்டும் வெளியே இல்லை. ஐம்பத்து மூன்று நாளும் அவன் பெயர் புதுசு புதுசாக விழுந்திருந்தது. நல்லமுத்து, உள்ளே. நல்லமுத்து, உள்ளே. ஞாயிற்றுக்கிழமையும் உள்ளே. கடைசி வரி அன்றைய தேதி. நேரம் ஒன்று ஐம்பத்தெட்டு. அவள் ஸ்விட்ச் போட்ட அதே நிமிஷம்.

பக்கத்தில் வேலை செய்யும் இடம் என்று ஒரு கட்டம். அவன் காணாமல் போன நாளுக்கும் முன்னால் போய்ப் பார்த்தாள். அப்போதெல்லாம் அச்சு, அச்சு, அச்சு. அதற்குப் பிறகு எல்லா நாளும் தொட்டி 2.

"என்னம்மா, அழிச்சாச்சா?" குருமூர்த்தி வாசலில் நின்றார்.

"இல்லீங்க. ரெண்டாம் நம்பர் தொட்டில யாருங்க வேலை செய்யறாங்க?"

அவர் முகத்தில் விபூதியும் தோலும் ஒரே நிறமாகிவிட்டன.

"அது... மண்ணு ஊற வெக்கிற தொட்டி. ஒழுவுதுன்னு சிமென்ட் போட்டு மூடியாச்சு. அங்க யாரு இருக்கா?"

"நல்லமுத்து இருக்குறாருன்னு இதுல இருக்குதே."

"நானும் பத்து வாட்டி ரெண்டு போட்டுப் பாத்துட்டேன்!" என்று கத்தினார். "விடிஞ்சா அந்த ரெண்டு காணாமப் போயி, உள்ளன்னே வந்து நிக்கறான்! அதுக்குத்தான அழிக்கச் சொல்றேன்!"

சொன்னது என்ன என்று அவருக்கே அப்புறம்தான் உறைத்தது. பாய்ந்து வந்து ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். யூபிஎஸ் கீ... கீ... என்று கத்தியது. அதன் ஸ்விட்சையும் அணைத்தார். திரை செத்தது. விசிறி நின்றது. அறையில் ஒரு சத்தம் இல்லை...

மூலையில் இருந்த பிரிண்டர் ஓட ஆரம்பித்தது.

ஊசி குத்துகிற பழைய பிரிண்டர். அதன் ஒயரும் தரையில்தான் சுருண்டு கிடக்கிறது. கர்ரக்... கர்ரக்... கர்ரக்... நல்லமுத்து, உள்ளே, தொட்டி 2 என்று ஒவ்வொரு வரியாக. நிதானமாக. காகிதம் வெளியே வர வர, அதன் ஓரம் ஈரமாக இருந்தது. குருமூர்த்தி சுவரோடு ஒட்டிக்கொண்டார். பூங்கோதைக்கும் பயம்தான். பொய் சொல்லமாட்டாள், பயந்தேன் என்றுதான் என்னிடம் சொன்னாள். ஆனால் ஓடவில்லை. கடைசி வரி விழும்வரை நின்றாள். காகிதத்தைக் கிழித்து மடித்து இடுப்பில் செருகினாள்.

அவர் கதவை மறித்தார். "அத குடுத்துட்டுப் போ. நீ பொம்பள புள்ள. ஊருல கடை வெச்சிருக்க. யோசிச்சிக்க."

அவள் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. "நீங்க தள்ளுங்க" என்றாள். "நான் யோசிச்சாச்சு."

தள்ளினார்.

வெளியே வந்து காகிதத்தை வாசுகி கையில் கொடுத்தாள். வாசுகி எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். அழவில்லை. போட்டோவை மடியில் கட்டிக்கொண்டு நேராக உள்ளே நடந்து, அந்த இரண்டாம் நம்பர் தொட்டியின் சிமென்ட் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

போலீஸ் வந்து மிரட்டிப் பார்த்தது. பிரிண்டர் காகிதமெல்லாம் சாட்சி ஆகாது என்றது. "நீங்க உடைங்க. உள்ள அவரு இல்லன்னா என்னக் கொண்டுபோயி அடைங்க" என்றாள். பாவாடை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பூங்கோதை கடையை மூடிவிட்டு வந்தாள். மறுநாள் செராமிக் கம்பெனிப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். குழாயடியில் சிரித்தவளும் வந்தாள். அதற்கு அடுத்த நாள் மத்தியானம் தாசில்தார் முன்னால் கடப்பாரை போட்டார்கள்.

இருந்தான். களிமண் அவனைக் கெட விடவில்லை. சட்டைப் பொத்தான் வரைக்கும் அப்படியே இருந்தானாம். தொட்டியில் மண் கலக்குகிற மோட்டாரின் ஒயர் தோலுரிந்து கிடக்கிறது என்று மூன்று தடவை சொன்னவன் அவன்தான். அதிலேயே அவனுக்குக் கரண்ட் அடித்திருக்கிறது. ஒரு ஒயரை மாற்ற வக்கில்லாத அந்த முதலாளி, ஒரு மனுஷனை மண்ணில் போட்டுப் பூசி, அவன் பெண்சாதி முகத்தில் கரியையும் பூசினான். 

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால், அவனை ஸ்ட்ரெச்சரில் வைத்து கேட்டைத் தாண்டிக் கொண்டுவந்தார்கள். ரோடு முழுக்க ஜனம். வாசுகி கூடவே நடந்து வந்தாள். கேட்டுக்கு வெளியே வந்ததும் நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

"எல்லாரும் நல்லா பாத்துக்குங்க! எங்க வூட்டுக்காரு எங்கயும் ஓடல! வேலைக்கு வந்தவரு, வேலைலதான் இருந்தாரு!"

கூட்டம் விலகி வழிவிட்டது.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் பூங்கோதையைக் கூப்பிட்டார், கம்ப்யூட்டரைத் திறந்து காட்டுவதற்கு. குருமூர்த்தியையும் கைவிலங்கோடு கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஆபீஸ் ரூமுக்கு, பூங்கோதை விடாமல் கேட்டதால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே பூட்டுப் போட்டு அரக்கு சீல் வைத்தாகிவிட்டது. சீல் உடையவில்லை. உள்ளே ஒயர் பிடுங்கியது பிடுங்கியபடி தரையில் கிடந்தது. பூங்கோதைதான் எடுத்துச் சொருகினாள்.

அரை நிமிஷம். திரை பளிச்சென்று வந்துவிட்டது. கட் கட் சத்தம் இல்லை. வாசனை இல்லை.

வருகைப் பதிவைத் திறந்தாள். கடைசி வரி முந்தின நாள் தேதி. நல்லமுத்து. இடம், தொட்டி 2. அவன் காணாமல் போனபின் முதல் தடவையாக அடுத்த கட்டமும் நிரம்பியிருந்தது. வெளியே, ஐந்து நாற்பது.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "இத யாரும்மா அடிச்சது?"

பூங்கோதையும் குனிந்தாள். கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகளின் மேல் விரல் விரலாக வெள்ளை மண்... இன்னும் காயவில்லை.

வரிசையின் கோடியில் குறிப்பு என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. பாவாடை ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. அதில் என்னமோ இருந்தது. இங்கிலீஷ் எழுத்து, தமிழ் வார்த்தை. பூங்கோதை மனசுக்குள் கூட்டிப் படித்தாள். பிறகு திரையைக் குருமூர்த்தி பக்கம் திருப்பினாள்.

"உங்களுக்குத்தாங்க எழுதியிருக்குது" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் விடவில்லை. சத்தமாகவே படித்தாள்.

"போயிட்டு வரேன், மொதலாளி."