மாத்திரை விழுங்கக் கூலியா?

தலைமை தாங்கி இந்த மன்றத்தைத் தழைக்கச் செய்யும் தலைவர் மாடசாமி ஐயா அவர்களே! கணக்கில் கறாரும் கண்ணில் கருணையும் கொண்ட பொருளாளர் வடிவேல் அண்ணா அவர்களே! மலையும் மழையும் கடந்து மடுல்சீமையிலிருந்தும் ஹல்துமுல்லையிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் கவலையும் சுமந்து வந்த தாய்மார்களே! பதுளைக் கடைவீதியில் புடைவை விற்கும் இந்த அன்னலட்சுமியின் அன்பான வணக்கம்.

புடைவைக்காரியிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தால் முழம் முழமாகப் பேசுவாள் என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறீர்கள். அஞ்சாதீர்கள், இன்று அளந்துதான் பேசுவேன்.

நம் நலன்புரிச் சங்கத்தின் முன் நிற்பது ஒரே கேள்வி. காசநோய்க்கு மருந்து எடுக்கும் தோட்டத்து மக்களுக்கு, மருந்துச்சாலைக்கு வந்து மாத்திரை விழுங்கிய நாளுக்கெல்லாம் நாம் கொடுக்கும் பணம் தொடர வேண்டுமா, நிற்க வேண்டுமா? வடிவேல் அண்ணா சற்று முன் கேட்டார்: "தன் உயிரைக் காக்கத்தானே மருந்து? அதற்கும் கூலியா? இது கையூட்டு அல்லவா?" நல்ல கேள்வி. நீங்கள் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். தட்டிய கையோடு ஒரு தாயின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர் இராக்கம்மா. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில் அவர் மருந்துச்சாலைக்குப் போனால், மலைக்குப் போகப் பிந்தும். பிந்தினால் அரைநாள் சம்பளம் போய்விடும். மருந்து இலவசம்தான் ஐயா! ஆனால் அந்த இலவசத்தை வாங்கப் போவதன் விலை யார் தலையில் விழுகிறது? உலையில் அரிசி இல்லாமல் எந்தத் தாய் மாத்திரையைத் தேடிப் போவாள்? அதனால்தான் நாம் பணம் கொடுத்தோம். பணம் வந்தது, இராக்கம்மாவும் வந்தார். மருந்தாளர் கண் முன்னே விழுங்கினார்.

ஞாயிறும் பௌர்ணமிப் போயா விடுமுறையும் மருந்துச்சாலை பூட்டு. அந்த நாட்களுக்கான மாத்திரையை முன்கூட்டியே கையில் கொடுத்து அனுப்புவார்கள். வேலை இல்லாத நாளில் சம்பளம் போகாதே என்று அன்றைக்கு நாம் பணம் கொடுப்பதில்லை. ஆனால் இருமல் இறங்கவில்லை. உடம்பு தேறவில்லை. ஏன்? ஏன் என்று கேட்கத்தான் அவருடைய லயத்து வீட்டுக்குப் போனேன்.

வாசலிலேயே முந்தானை முடிச்சை அவிழ்த்தார். கடதாசியில் பத்திரமாகச் சுற்றிய மாத்திரைகளை என் கையில் வைத்தார்.

"லீவு நாளு மருந்துங்கம்மா. அன்னைக்கி காசு இல்லத்தானே, அதான் திங்கல. ஒண்ணும் கொறையாமத் திருப்பித் தாரேன்."

"அக்கா, இது உங்க மருந்து தானே?" என்றேன்.

"என்னோடதா? காசு குடுக்கிறது நீங்கதானே. நாங்க கொழுந்து எடுத்தா லாபம் தோட்டத்துக்கு. மருந்து தின்னா லாபம் ஒங்களுக்குன்னு நெனச்சேன்."

பின்னால் யாரோ சிரிக்கிறீர்கள். சிரிக்காதீர்கள், எனக்கு அழுகை வந்தது. தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் யாராவது தனக்காக ஒரு வேலை செய்து காசு வாங்கியதுண்டா? பனியில் நடந்தது யாருக்காக? அட்டை கடித்தது யாருக்காக? காசு வந்தால் காரியம் அடுத்தவருடையது என்பதுதானே அவர் கண்ட உலகம்! மாத்திரைக்குக் காசு கொடுத்தபோது, அவருடைய உயிரும் நம்முடைய வேலையாகிவிட்டது.

"அதனால்தான் நிறுத்தச் சொல்கிறேன்" என்று வடிவேல் அண்ணா கையை உயர்த்துகிறார். பொறுங்கள் அண்ணா! நிறுத்தினால் நாளைக்கே அவர் மருந்தை விட்டு மலைக்குப் போவார். விட்டு விட்டு விழுங்கினால், பிறகு அந்த மருந்தே கேட்காமல் போகலாம் என்கிறார் வைத்தியர். நம் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் நெஞ்சு அரிக்கப்பட வேண்டுமா?

பணத்தைக் கொடுப்போம். ஆனால் விழுங்கினாயா என்று வாயைப் பார்த்துக் கொடுக்க வேண்டாம். இழந்த சம்பளத்துக்கு ஈடு என்று சொல்லி, வாரம் பிறக்கும்போதே கையில் கொடுப்போம். வாங்கியும் மருந்து எடுக்காதவர் இருந்தால்? இருப்பார். அவர் வீட்டுக்குப் போவோம். காசு எங்கே என்று கேட்காமல், என்ன கஷ்டம் என்று கேட்போம். ஏமாந்து போவோம் என்று பயமா? கடனுக்குப் புடைவை கொடுத்து ஏமாந்தவள் நான், இன்னும் கடை நடத்துகிறேன்!

இந்த மருந்து உங்கள் உயிருக்குத்தான் என்று அன்றே அவரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். கடந்த போயா அன்று மறுபடியும் இராக்கம்மாவைப் பார்க்கப் போனேன். அன்றைய மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் என்னோடு பேச வந்தார்.

"நான் பொழச்சா ஒங்களுக்கு என்னதாம்மா கெடைக்கும்?"

"ஒன்றும் கிடைக்காது அக்கா."

"கோயிலுக்கு ஏதும் செய்யணுமா?"

"வேண்டாம்."

"ஓட்டுக் கீட்டு?"

"வேண்டவே வேண்டாம்."

"ஒண்ணுமே வேணாமா? சும்மா நான் உசுரோட இருந்தாப் போதுமா?" என்று கேட்டார்.

அவையோரே! அந்தக் கேள்விக்கு என் ஒருத்தியின் பதில் போதாது. போதும் என்று இந்தச் சபை சொல்ல வேண்டும். சம்மதமானவர்கள் கை உயர்த்துங்கள்.

வடிவேல் அண்ணா, உயர்ந்த கைகளில் உங்கள் கையைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். நன்றி அண்ணா. பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.