நெத்திக்காசு

இல்ல அண்ணாச்சி, இந்தக் காசு முழுசா விக்கதுக்கு இல்ல. உருக்கணும். அதுவும் என் கண்ணு முன்னால உருக்கணும். அதுக்குத்தான் இராஜாக்கமங்கலத்துலேந்து ரெண்டு பஸ்ஸு மாறி இந்தக் கருங்கல்லுக்கு வந்திருக்கேன்.

தெரியும். உருக்கினா வெள்ளி வெலதான், பழைய காசு சேக்குதவங்க கூடுதலா தருவாங்க. நாகர்கோவில்ல ஒரு கடைக்காரரும் இதத்தான் சொன்னாரு. வெள்ளி இப்பம் விக்க வெலைக்கு அதுவே எனக்குப் போரும்.

தட்டுல வைங்க. எவ்வளவு? பதினோரு கிராம் கூட இல்லியா? ராணித்தல ரூபான்னா பதினொண்ணரைக்கு மேல நிக்கணுமா? பின்ன நான் என்ன செய்ய, நான் ஒண்ணும் சொரண்டி எடுக்கல. புளி போட்டுத் தேச்சுத் தேச்சுக் கொறஞ்சிருக்கும். எங்க வீட்டுல ஆளு செத்தா நெத்தியில வைக்கது இந்தக் காசத்தான்.

ஏன் கைய எடுத்துட்டீங்க? கடிக்காது, பிடிங்க.

ஊருல எல்லாரும் ஒத்த ரூபா வைப்பாங்க. சுடுகாட்டுல அது அங்க வேலை பாக்குதவருக்குப் போயிரும். எங்க மாமனாருக்க தாத்தா வெள்ளிய விடுவாரா? எச்சிக் கையால காக்கா வெரட்டாத மனுஷன். வேற சில்லறையக் குடுத்துட்டு, தீ வைக்கதுக்கு முன்ன இத எடுத்து மடியில கெட்டிக்கிட்டு வந்துட்டாரு. அதுலேந்து அதே வழக்கம். பிணத்துக்குக் குடுத்தத திருப்பி வாங்கலாமா, நீங்களே சொல்லுங்க.

இது வரைக்கும் ஏழு பேரு நெத்தியில இருந்திருக்கு. நான் கெட்டி வந்த பொறவே மூணு. மாமனாரு, அத்தை, பொறவு என் கொழுந்தன். அவனுக்கு முப்பத்தாறு வயசு. போறதுக்கு முந்துன நாளு பெட்டியத் தொறந்து இத எடுத்துப் பாத்தான். நான்தான் வாங்கி உள்ள வச்சேன். அன்னைக்குலேந்து எனக்கு இதுமேல பயம்.

நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆப்பரேஷன். பயப்படாண்டாம், பத்து நாள்ல நடந்து வீட்டுக்குப் போவாருன்னு டாக்டர் சொல்லுகாரு. மனுஷன் கெளம்ப மாட்டேங்காரே. தம்பியக் கூப்பிட்டது என்னையும் கூப்பிடுதுன்னு அதே பேச்சு. அதனாலதான் போன வாரம் நாகர்கோவில்ல கொண்டு வித்தேன். முழுக்காசாட்டு வித்தது நான் செஞ்ச மடத்தனம். மூணாம் நாளு நெஞ்சப் பிடிச்சிக்கிட்டே ஆட்டோவுல போயி, கூடுதல் ரூவா குடுத்துத் திருப்பி வாங்கிட்டு வந்துட்டாரு. ஆசுபத்திரிக்கு வரமாட்டேன்னு நிக்க ஆளு.

எனக்கு அவரு வேணும் அண்ணாச்சி. இது உருகி உருவமில்லாமப் போறத போன்ல படம் பிடிச்சுக் காட்டினா வண்டியில ஏறுவாரு. இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அட்மிட் ஆவணும். கூலி எவ்வளவு வேணும்னாலும் பிடிச்சுக்கிடுங்க.

அது அழுக்கு இல்ல, சந்தனம். பறிச்சிட்டு ஓடி வந்த வேகத்துல தொடைக்கல. காலையில காப்பி கொண்டு போறேன், பாயில நீட்டிப் படுத்து, ரெண்டு கால் பெருவெரலையும் சேத்துக் கெட்டி, நெத்தியில இத ஒட்டிக்கிட்டுக் கெடக்காரு. கண்ணத் தொறக்காமலே, நல்லா இருக்கா பாருட்டின்னு எங்கிட்ட கேக்காரு.